தேவையான அளவு

திண்டுக்கல்லில் நடைபெறும் புத்தகத் திருவிழாவிற்குச் செல்லும் வழக்கம் நமக்கு உண்டு. சங்க இலக்கிய உரைகளும் அகராதிகளும் அடுக்கப்பெற்ற அரங்குகளில் நம் துறை மாணவர் இருவர் மூவரையேனும் காணலாம். ஆயினும் கூட்டம் நெருக்குவது வேறோர் இடத்தில். சமையல் நூல்கள் பரப்பப்பெற்ற மேசையின் முன்னே மணமாகி ஓராண்டு நிரம்பாத இளம்பெண்களும், மகளை வெளிநாட்டிற்கு அனுப்பவிருக்கும் தாய்மாரும், விடுதியில் தனியே பொங்கித் தின்னும் இளைஞரும் நின்று ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருப்பர். நாமும் அங்கே நிற்பதுண்டு. ஒருமுறை முன்னாள் மாணவர் ஒருவர் நம் கையிலிருந்த நூலின் அட்டையைக் கண்டு, "ஐயா, வீட்டில் அம்மாவுக்குங்களா?" என வினவினார். "இல்லை, நமக்குத்தான்" என்றோம். நாம் நகையாடுவதாக எண்ணிச் சிரித்துக்கொண்டே விடைபெற்றார்.

அவர் சிரித்ததில் வியப்பில்லை. தமிழ் கற்பிப்போர் சமையல் நூலை நூலெனவே மதிப்பதில்லை. ஆனால் நம் முன்னோர் மதித்தனர். சமையற்கலை பற்றிய நூலுக்கு 'மடைநூல்' எனத் தனிப்பெயரே தமிழில் வழங்கியது. சமைப்பவன் மடையன், சமைக்குமிடம் அட்டில், சமைத்த உணவு அடிசில். முதற்சொல் பிற்காலத்தில் வசைச்சொல்லாகத் தாழ்ந்து போனது நம் சமூகம் அட்டிலுக்கு அளித்த மரியாதையைக் காட்டும் சான்றாகலாம். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடன் பாணர்க்கு இட்ட விருந்து வீமன் இயற்றிய நுண்ணிய மடைநூல் நெறியினின்று வழுவாமல் ஆக்கப்பட்டது என்னும் குறிப்பு வருகின்றது. நூலைப் பார்த்துச் சமைப்பது அன்றே பெருமைக்குரிய செய்தியாக இருந்தமை காண்க. அந்நூல் இன்று நம்மிடம் இல்லை. இருந்திருப்பின் அதில் உப்பின் அளவு எவ்வாறு குறிக்கப்பெற்றிருந்தது என்பதையே நாம் முதலில் தேடிப் பார்த்திருப்போம். காரணம் பின்னர் விளங்கும்.

எம் இல்லத்தில் இருவரும் பணிக்குச் செல்வோர். துணைவியார் பள்ளி ஆசிரியை. பள்ளிப் பருவம் முதல் விடுதியிலேயே தங்கிப் பயின்றவர். நாமோ தாயை இளமையில் இழந்து, நன்னியின் கையால் உண்டு வளர்ந்தவர். நன்னி இருந்தவரை அட்டிலின் நிலைப்படியைத் தாண்டி உள்ளே கால்வைக்க ஆண்பிள்ளைகட்கு இசைவில்லை. 2007ஆம் ஆண்டில் நன்னி மறைந்தார். அடுத்த ஆண்டில் எமக்குத் திருமணம் ஆயிற்று. சோற்றை வடிக்கவும் முட்டையை அவிக்கவும் மட்டுமே அறிந்த இருவர் ஓர் அடுப்பைச் சுற்றி நின்றோம். ஆதலின் நூல்களை நாடினோம்.

அந்நூல்களிடம் பெற்ற நன்மையை மறைப்பது நன்றிகேடாகும். 1980களின் இறுதி முதல் வெளிவந்த மல்லிகா பத்ரிநாத்தின் சிறு நூல்கள், கவியரசர் கண்ணதாசனின் மகளாரான ரேவதி சண்முகத்தின் செட்டிநாட்டுச் சமையல் நூல்கள், மகளிர் இதழ்களுடன் இலவச இணைப்பாக வந்த கையடக்கப் பதிப்புகள் ஆகியன எம் பரணில் இன்றும் உள்ளன. மஞ்சட் கறையும் எண்ணெய்த் துளியும் படியாத தாள் அவற்றில் அரிது. நன்னியின் அட்டிலில் ஒருநாளும் இடம்பெறாத மோர்க்குழம்பும் அவியலும் எம் இலையில் வந்தது அவற்றால்தான். அயல்வீட்டுச் சமையலை அயல்வீட்டாரின் கூச்சமோ நம் தயக்கமோ குறுக்கிடாமல் நமக்குக் கற்றுத்தரும் ஆசான் சமையல் நூலைப் போல் வேறில்லை. ஓர் ஊரில் பல்லாண்டு அடுத்தடுத்து வாழ்ந்தும் ஒருவர் அட்டிலுள் மற்றொருவர் நுழையாத வழக்கமுடைய நம் நாட்டில் இதனைச் சிறு பணி என ஒதுக்க இயலாது.

ஆயினும் நூலுக்கு நம் ஊர் தெரியாது. திண்டுக்கல் நகரின் பல தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. துவரம்பருப்பை ஊறவைத்து மூன்று விசில் விட்டால் மலர்ந்துவிடும் என்பது நூலின் கூற்று. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆறு விசில் விட்டும் பருப்பு கல்லெனக் கிடக்கும். நீரில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் மேற்புறத்தை இறுகச்செய்தல் இதற்குக் காரணம் என்பதைச் சமையலறிவியல் நூல்கள் விளக்குகின்றன. கிருஷ் அசோக் 2020இல் ஆங்கிலத்தில் எழுதிய 'மசாலா லேப்' போன்ற நூல்கள் இத்தகைய 'ஏன்' என்னும் வினாக்களை அட்டிலுக்குள் கொணர்ந்தமை வரவேற்கத்தக்கது. நன்னிக்கு அவ்வறிவியல் தெரியாது. ஆத்தூர்க் காமராசர் நீர்த்தேக்கத்திலிருந்து வரும் குழாய்நீரைக் குடத்தில் தனியே பிடித்து மூடிவைத்து, "இது பருப்புக்கு" என்பார்; அவ்வளவே.

அரிசிக்கு வருவோம். திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவிற்கு வந்த காலம் போய்ப் பிரியாணி நினைவிற்கு வரும் காலம் இது. 1957இல் நாகசாமி நாயுடு இந்நகரில் தொடங்கிய சிறு உணவகம், அவர் அணிந்த தலைப்பாகையால் பெயர்பெற்று இன்று கடல்கடந்தும் கிளைத்துள்ளது. ஆதலின் புதிதாக வெளிவரும் சமையல் நூல்களில் 'திண்டுக்கல் பிரியாணி' என ஒரு பக்கம் தவறாது இடம்பெறுகின்றது. அத்தகைய பக்கம் ஒன்றை நம்பி ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவிற்குப் புறப்படுமுன் அடுப்பேற்றினோம். ஒரு கோப்பை அரிசிக்கு ஒன்றரைக் கோப்பை நீர் என அதில் கண்டிருந்தது. நீளமான பாசுமதிக்கு, அதுவும் அரைமணி ஊறிய பாசுமதிக்கு, அது பொருந்தலாம். இவ்வூர்ப் பிரியாணிக்கு உயிரான சீரகச் சம்பா திறந்த சட்டியில் அதனினும் மிகுதியாக நீர் கேட்கும் அரிசி. தொழுகை முடிந்து வந்து 'தம்' உடைத்தபோது இறைச்சி வெந்திருந்தது. அரிசி பல்லில் நறநறத்தது. நூலாசிரியர் திண்டுக்கல்லின் பெயரை எடுத்துக்கொண்டார், அரிசியை எடுத்துக்கொள்ளவில்லை.

இவையெல்லாம் சிரித்து மறக்கத்தக்கவை. மறக்கவியலாதது ஒன்று உண்டு.

பக்ரீத் பெருநாளில் குர்பானி இறைச்சியை மூன்று பங்காக்கி, உற்றார்க்கும் ஏழையர்க்கும் வழங்கியபின் வீட்டிற்கென எஞ்சுவதில் ஒரு பகுதியை நன்னி உப்புக்கண்டம் போடுவார். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடு அது. இறைச்சியை விரலகலத்தில் நீளவாக்கில் அரிந்து, கல்லுப்பும் மஞ்சளும் இடித்த பூண்டும் மிளகாயும் பிசிறி, கோணி ஊசியால் நூலிற் கோத்து, மாடியில் கட்டிய கயிற்றில் தோரணமாகத் தொங்கவிடுவார். காக்கை விரட்டும் பணி நமக்கு. கையில் குச்சியுடன் நிழலுக்கும் வெயிலுக்குமாக நாம் ஓடிய அந்நாட்களின் மணம் இன்றும் நாசியில் உள்ளது. பின்னர் மாதக்கணக்கில், வீட்டில் காய்கறி இல்லாத நாளிலும் விருந்தினர் சொல்லாமல் வந்த நாளிலும், பானையிலிருந்து நான்கு துண்டுகள் வெளிவரும். எண்ணெயிற் பொரிந்து வெறுஞ்சோற்றையும் விருந்தாக்கும்.

நன்னி மறைந்தபின் மூன்று ஆண்டுகள் எவரும் உப்புக்கண்டம் போடவில்லை. 2010ஆம் ஆண்டுப் பெருநாளில் அந்நினைவு மேலிட, புதிதாக வாங்கியிருந்த அசைவச் சமையல் நூலைத் திறந்தோம். வழவழப்பான தாளில் அழகிய வண்ணப்படம். செய்முறை ஆறே வரிகள். 'உப்பு - தேவையான அளவு' என்றது நூல். 'மூன்று நாள் வெயிலில் உலர்த்தவும்' என்றது. பேகம்பூரில் பெரியம்மா இருந்தார்; நன்னியின் மூத்த மகள்; கேட்டிருக்கலாம். அச்சிட்ட நூல் கையிலிருக்க முதியவரைத் தொல்லைப்படுத்துவானேன் என்னும் படித்தவர் செருக்கு நம்மைத் தடுத்தது என்பதை ஒப்புக்கொள்வதே முறை. நாவிற்குத் தேவையான அளவு உப்பிட்டோம். கயிறு கட்டினோம். நான்காம் நாள் அத்தனை இறைச்சியும் கெட்டு நாறியது. தோட்டத்தின் மூலையில் குழிதோண்டிப் புதைத்தோம். கடையில் வாங்கிய இறைச்சியாயின் பணம் போயிற்று என்று விட்டிருப்போம். குர்பானி இறைச்சியை மண்ணிலிட்ட அந்த மாலையில் துணைவியாரும் நாமும் ஒருவரோடொருவர் பேசவில்லை.

பல நாள் கழித்துப் பெரியம்மாவிடம் கூறினோம். அவர் முதலிற் கேட்ட வினா நூலைப் பற்றியதன்று. "ஏத்தா, மழைக்காலத்துல யாராச்சும் கண்டம் போடுவாங்களா?" என்றார்.

அவ்வினாவில் அடங்கியிருந்த அறிவை எண்ணிப் பார்க்கப் பார்க்க வியப்பு மிகுந்தது. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவது. ஏறத்தாழ 354 நாள் கொண்டது. ஆதலின் பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, சற்றொப்ப 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகின்றது. நாம் குச்சியேந்திக் காக்கை விரட்டிய 1990இல் பக்ரீத் சூலைத் தொடக்கத்தில், ஆனிக் காற்றில் வந்தது. 1994இல் மே மாத வெயிலில் வந்தது. 2010இலோ நவம்பர் நடுவில், வடகிழக்குப் பருவமழை திண்டுக்கல் சமவெளியை நனைக்கும் நாட்களில் வந்தது. சிறுமலை முகட்டில் மேகம் கவிந்திருந்ததை அந்த நான்கு நாளும் நம் கண்ணால் கண்டோம். கண்டும் நூலையே நம்பினோம். மழைக்காலத்துப் பெருநாளாயின் இறைச்சியை உப்பும் மஞ்சளும் இட்டு அவித்து, அதன் கொழுப்பிலேயே சுருள வதக்கி, நாள்தோறும் சுண்டவைத்து உண்பதுதான் நன்னியின் வழக்கமாம். மிகுந்துபோனால் விறகடுப்பின் மேலே புகையில் கட்டித் தொங்கவிடுவாராம். ஒரு வாழ்நாளில் இரண்டு சுற்றுப் பெருநாட்களைக் கண்டவர்க்கே வாய்க்கும் அறிவு இது. ஆறு வரிச் செய்முறையில் இதற்கு இடமில்லை.

உப்பைப் பற்றியும் கேட்டோம். "ஒரு கிலோவுக்கு ஒரு கைப்பிடி" என்றார். யாருடைய கைப்பிடி? மறுமுறை சென்றபோது சிறு மின்தராசு ஒன்றை எடுத்துச் சென்றோம். பெரியம்மா தம் சிறிய கையால் அள்ளிய கல்லுப்பு 60 கிராமைச் சற்றே தாண்டியது. நாம் அள்ளியது ஏறத்தாழ அதன் ஒன்றரை மடங்கு. நாவிற்குத் 'தேவையான அளவு' எனக் கொண்டு 2010இல் நாம் இட்டதோ அவர் கைப்பிடியில் நான்கில் ஒரு பங்குகூட இருந்திராது. நாவிற்குத் தேவையானது வேறு. இறைச்சியின் நீரை ஈர்த்துக் கிருமி வளராமல் காப்பதற்குத் தேவையானது வேறு. நூல் இவ்விரண்டிற்கும் ஒரே தொடரைப் பயன்படுத்தியது.

இத்தொடரின்மீது நமக்குத் தீராத வழக்கு உண்டு. ஏலக்காய் நான்கு, கிராம்பு மூன்று, பட்டை ஓரங்குலம் என எண்ணிச் சொல்லும் நூல்கள், உப்பு என்றதும் நழுவிவிடுகின்றன. பழைய நூலாசிரியர் அனைவரும் இவ்வாறு நழுவவில்லை. அக்பரின் அவையில் அபுல் ஃபசல் தொகுத்த 'ஆயினே அக்பரி'யில் அரண்மனை அட்டிலைப் பற்றிய பகுதி உண்டு. இனிப்புச் சோற்றுக்கு 10 சேர் அரிசி, 5 சேர் கற்கண்டு, 3½ சேர் நெய் எனத் தொடங்கும் அதன் பட்டியலில் உப்பும் நிறுத்தே கூறப்பட்டுள்ளது. பேரரசரின் மடைப்பள்ளியிலேயே உப்பை நிறுத்திருக்கின்றனர். பாக்தாதில் 1226ஆம் ஆண்டில் தம் சொந்தப் பயனுக்கெனச் சமையல் நூல் எழுதிய முகம்மது அல்-பக்தாதி, சமைப்பவர் நகத்தை வெட்டியிருத்தல் வேண்டும் என்பது முதல் பாத்திரம் துலக்கும் முறை வரை விடாமல் கூறுகின்றார். அறிவுடைய மாந்தர் பலர் அட்டிலை எழுதத்தக்க பொருளாகக் கருதிய மரபு ஒன்று நமக்குப் பின்னே உள்ளது என்பதற்காகவே இவற்றை ஈண்டுச் சுட்டினோம்.

தமிழில் அச்சேறிய சமையல் நூல்களுள் அளவைக்குப் பெயர்பெற்றது எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. 1951இல் முதற்பகுதி வெளிவந்தது. இளமையிலேயே கணவரை இழந்த அவ்வம்மையார், தம் உறவினரான கே. வி. கிருஷ்ணசாமி ஐயரின் தூண்டுதலால் அதனை எழுதினார். கூட்டுக்குடும்பத்தினின்று பிரிந்து, மாமியாரும் தாயும் அருகில் இல்லாத ஊர்களில் குடியேறிய இளம்பெண்களே அதன் வாசகர். சமையலே அறியாதவர் எதிரில் நிற்பதாக எண்ணிக்கொண்டு எழுதப்பட்ட நடை அது. மெட்ரிக் அளவை நடைமுறைக்கு வருமுன் தோன்றிய அந்நூல் பின்னர் வந்த அளவைகளுக்கு மாற்றப்பட்டு, பிறமொழிகளில் பெயர்க்கப்பட்டு இன்றும் விற்பனையாகின்றது. அயல்நாட்டிற்குப் புறப்படும் மணமக்களின் பெட்டியில் இடம்பெறுகின்றது. குறுந்தொகையில் புதுமணப்பெண் ஒருத்தி புகையால் கண்கலங்க முதன்முதலாகக் குழம்பு ஆக்கும் காட்சியைக் கூடலூர் கிழார் பாடியிருக்கிறார். அத்தகைய பெண் நம் காலத்தில் தனியே அடுக்ககம் ஒன்றில் குடியேறினால் அவளுக்குத் துணைநிற்பது எவ்வாறு என்பதை மீனாட்சி அம்மாள் அறிந்திருந்தார்.

அந்நூல் ஒரு சமூகத்தின் மரக்கறி உணவைக் காத்தது. எம் போன்றோரின் அட்டிலைக் காத்த நூல் எது? மலபாரில் உம்மி அப்துல்லா 1993இல் அப்பகுதி முஸ்லிம் சமையலை ஆங்கிலத்தில் நூலாக்கினார். தமிழில் நம் கண்ணிற்பட்டவரை, 'முஸ்லிம் சமையல்' எனப் பெயர்தாங்கிய நூல்களில் பாதிக்கு மேல் பிரியாணியே நிறைந்திருக்கின்றது. 1988ஆம் ஆண்டில் இந்தியச் சமையல் நூல்களை ஆராய்ந்து புகழ்பெற்ற கட்டுரை எழுதிய மானிடவியலார் அர்ஜுன் அப்பாதுரை, புதிய நூல்களின் வழியே வட்டாரச் சமையல்கள் ஊர்கடந்து செல்லும்போது ஒவ்வொன்றும் இரண்டொரு அடையாள உணவாகச் சுருங்கிவிடுவதைக் கவனித்துக் கூறினார். நமக்கு நேர்ந்திருப்பதும் அதுவே. உலகம் நம்மைப் பிரியாணியால் அறிகின்றது. நாம் அன்றாடம் உண்டு வளர்ந்த தாளிச்சாவும் மீனாணமும் நோன்புக் கஞ்சியும் வெறும் அடிக்குறிப்புகளாய் நிற்கின்றன.

'ஆணம்' என்றோம். தமிழ்த்துறையினர் இச்சொல்லில் சற்று நிற்றல் வேண்டும். குழம்பைக் குறிக்கும் பழஞ்சொல் அது, அகராதிகளில் உள்ளது, பெரும்பாலோர் வழக்கில் மறைந்தது. தமிழ் முஸ்லிம் இல்லங்களிலோ அன்றாடம் ஒலிக்கின்றது. நன்னி 'சாதம்' என ஒருநாளும் கூறியதில்லை, சோறுதான். காலை உணவு அவருக்குப் 'பசியாறல்'. "பசியாறியாச்சா?" என்பதைவிடக் கனிவான விசாரிப்பு ஒன்றை நாம் எம்மொழியிலும் அறியோம். இப்போது எம் பரணிலுள்ள புதிய நூல்களைப் புரட்டினால் கிரேவி, மேரினேட், ஃப்ரை, டிஷ், டாப்பிங். மொழித்தூய்மை பேசுவது நம் நோக்கமன்று. குக்கரையும் மிக்சியையும் அப்பெயராலேயே அழைக்கிறோம். ஆனால் தமிழ் அட்டிலின் வினைச்சொற்கள் அளவைகளைப் போன்றவை. வதக்குதலுக்கும் வறுத்தலுக்கும் இடையே எண்ணெயும் நேரமும் மாறும். பொரித்தல் வேறு, சுண்டவைத்தல் வேறு, பிசைதல் வேறு, பிசிறுதல் வேறு. உப்புக்கண்டத்திற்கு மசாலையைப் பிசிற வேண்டும். பிசைந்தால் இறைச்சி நைந்து நூலில் நில்லாது. இத்தனையையும் 'மிக்ஸ் செய்யவும்' என்னும் ஒற்றைத் தொடரில் அடைக்கும் நூல், சொல்லை மட்டும் இழக்கவில்லை, பக்குவத்தையும் இழந்துவிட்டது.

ஆகவே இப்போதெல்லாம் புத்தகத் திருவிழா மேசையின் முன் நின்று நூலைக் கையிலெடுத்தால், படங்களைப் பார்ப்பதில்லை. நாம் நன்கறிந்த ஓர் உணவு அதில் உளதா எனத் தேடுகிறோம். எலும்பும் கத்தரிக்காயும் மாங்காயும் இட்ட தாளிச்சா எமக்கு உரைகல். அறிந்த ஒன்றில் பிழைபடும் ஆசிரியர் அறியாத ஒன்பதில் நம்மை எங்கே கொண்டுபோய் விடுவார் என்பதை ஊகிக்கலாம். பின்னர், 'கப்' என்றால் எத்தனை மில்லி என்பது எங்கேனும் கூறப்பட்டுள்ளதா எனப் பார்க்கிறோம். அமெரிக்கக் கோப்பை 240 மில்லியை ஒட்டியது. வேறு நாடுகளில் 250. நன்னியின் ஆழாக்கோ 168 மில்லி. மேசைக்கரண்டி 15 மில்லி, தேக்கரண்டி 5 மில்லி. அச்சுக்கோப்பவர் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இட்டுவிட்டால் அன்றைய உணவு நாய்க்கும் ஆகாது. அரிசியின் வகைப்பெயரைக் குறிப்பவர், 'பொன்னிறமாகும்வரை' என்பதோடு நில்லாமல் அதற்கு எவ்வளவு நேரமாகும் என்பதையும் குறிப்பவர், தவறினால் திருத்தும் வழியைச் சொல்பவர் ஆகியோரின் நூலுக்கு விலை சற்றுக் கூடினும் கொடுக்கலாம். வண்ணப்படத்திற்கெனக் கூட்டிய விலையைக் கொடுக்க மனமில்லை.

வாங்கிவந்த நூலைப் பென்சிலுடன் பயில்வதே எம் வழக்கம். முதன்முறை ஆசிரியர் சொன்னவாறே செய்தல் வேண்டும். தொடக்கத்திலேயே நம் அறிவைக் கலந்துவிட்டுப் பின்னர் நூலைப் பழித்தல் நேர்மையன்று. இரண்டாம் முறை ஓரத்தில் குறிப்பு எழுதுகிறோம்: 'சம்பாவிற்கு நீர் இரு மடங்கு', 'குழாய்நீர்', 'சின்ன வெங்காயமாயின் கால்பங்கு குறைக்க'. உரையாசிரியர் மரபில் வந்தோர்க்கு மூலத்தின் ஓரத்தில் எழுதுதல் புதிதன்று அல்லவா! யூடியூப் காணொளி இருக்க நூல் எதற்கு எனத் துணைவியாரின் தங்கை கேட்பதுண்டு. கையசைவைக் காட்டுவதில் காணொளியே மேல் என ஒப்புகிறோம். ஆயினும் அதன் ஓரத்தில் பென்சிலால் எழுத இடமில்லை.

சென்ற கல்வியாண்டில் இளங்கலை மூன்றாமாண்டு மாணவரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தோம். விடுமுறையில் தத்தம் வீட்டு மூத்தவர் சமைக்கும் ஓர் உணவை, அவர்தம் சொற்களிலேயே, அளந்தும் நிறுத்தும் எழுதி வருக என்றோம். மதிப்பெண் கிடையாது என்றதும் பலர் ஆர்வம் குன்றினர். பதினொருவர் எழுதி வந்தனர். அவற்றுள் ஒட்டன்சத்திரப் பக்கத்து மாணவர் ஒருவரின் ஏடு நம்மை நெடுநேரம் நிறுத்தியது. தம் அப்பத்தாவின் கம்பஞ்சோற்றை எழுதியிருந்தார். கம்பு ஒரு படி, நீர் இத்தனை செம்பு, செம்பின் கொள்ளளவு இத்தனை மில்லி என யாவும் ஒழுங்காக இருந்தன. உப்பிற்கு நேரே, 'அப்பத்தா நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டும்வரை' என எழுதி, அதன்கீழ் அடைப்புக்குறிக்குள் '28 கிராம், மூன்று முறை நிறுத்தேன்' எனக் குறித்திருந்தார். ஆராய்ச்சி நெறிமுறையென நாம் வகுப்பில் உரைத்ததைவிட அவ்வரி நன்றாகவே உரைத்தது. இம்முயற்சியைத் துறை தன் பணிகளுள் ஒன்றாக ஏற்று, ஆண்டுதோறும் தொகுத்து, இம்மலரிலேயே சில பக்கங்கள் ஒதுக்குதல் வேண்டும் என்பது நம் கருத்து. நாட்டார் பாடலைத் தொகுத்தோம்; பழமொழியைத் தொகுத்தோம்; விடுகதைக்கு முனைவர் பட்டமே வழங்கினோம். அட்டிலை மட்டும் ஏன் விட்டுவைத்தோம் என்பதற்கு ஆண்கள் மிகுந்த நம் துறைகள்தாம் விடை கூறவேண்டும்.

2025இல் பக்ரீத் சூன் 7ஆம் நாள் வந்தது. பெருநாள் ஒரு சுற்று முடிந்து மீண்டும் வைகாசி வெயிலுக்குத் திரும்பியிருந்தது. பெரியம்மாவை எம் இல்லத்திற்கு அழைத்துவந்தோம். எண்பதைக் கடந்தவர், படியேற இயலாது. மாடிப்படியின் கீழே நாற்காலியில் அமர்ந்தவாறே, நாம் அரிந்து காட்டிய துண்டங்களுள் தடித்தவற்றை ஒதுக்கினார். உப்பை நிறுத்தோம். மாலையில் பனி இறங்குமுன் எடுத்துவரச் செய்தார். நான்காம் நாள் ஒரு துண்டைக் கையில் வாங்கி வளைத்தார். வளையாமல் ஒடிந்தால் உலர்ந்தது, வளைந்தால் இன்னும் ஒரு வெயில் என்றார். அன்று வளைந்தது, மறுநாள் ஒடிந்தது. எம் மகளுக்குக் காக்கை விரட்டுவதில் ஆர்வமில்லை, வெயிலில் தலைவலிக்கிறதாம்.

2010இல் வாங்கிய அந்நூலை எறிந்துவிடவில்லை. ஆறு வரிச் செய்முறைக்கு எதிர்ப்பக்கம் வெற்றிடமாக இருந்தது. பெரியம்மா கூறியவற்றை அங்கே எழுதிவைத்துள்ளோம். எழுதியதைப் படித்துக் காட்டியபோது கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "எல்லாம் சரிதாத்தா. பூண்டு இடிக்கச் சொன்னேன், நீ அரைக்கன்னு எழுதியிருக்க" என்றார். அடித்துத் திருத்தினோம். அடுத்த விடுமுறையில் தாளிச்சாவிற்காகப் பேகம்பூர் செல்லவிருக்கிறோம். தராசை மறவாமல் கொண்டுவரும்படி சொல்லியனுப்பியிருக்கிறார்.